ஸ்டெப்னி இல்லாத வண்டி

என் வண்டியைப் பார்க்க அப்பா நாமக்கல்லில் இருந்து வந்தபோது முதலில் திறந்தது டிக்கியைத்தான். ஐந்து வருடம் யாரோ ஓட்டி, என் கைக்கு வந்த ஜெர்மன் செடான் அது. தோல் சீட்டையோ பெரிய திரையையோ அவர் கவனிக்கவில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டெப்னி எங்க சாமி?"

"இதுக்கு ஸ்டெப்னி கிடையாதுப்பா. ரன்-ஃப்ளாட் டயர். பஞ்சர் ஆனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும்."

முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்தார். "எண்பத்தொண்ணாவது கிலோமீட்டர்ல என்ன பண்ணுவே?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடம் கழித்து, நான்கு டயர்களும் ஒன்றாகத் தேய்ந்து நின்றபோது அந்தக் கேள்வி மறுபடி வந்தது. டயர் கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இதக் கழட்டிப் போட்டுட்டு சாதா டியூப்லெஸ் போடுங்க சார். காசும் மிச்சம், வண்டியும் மெத்துன்னு போகும்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் முடிவெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் இரவுகளில் டயரின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

*

ஸ்டெப்னி என்ற சொல்லில் இருந்தே ஆரம்பிக்கலாம். நம் ஊர் மெக்கானிக் முதல் கால் டாக்ஸி டிரைவர் வரை எல்லோரும் சொல்லும் இந்த வார்த்தையைச் சொன்னால் பல நாடுகளில் யாருக்கும் புரியாது. அது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்றுச் சக்கரத்தை விற்க ஆரம்பித்தார்கள்.

அன்றைய கார்களில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. மர ஆரங்கள் கொண்ட சக்கரம் அச்சோடு சேர்ந்தே இருக்கும். பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது, ஆரமே இல்லாத ஒரு வளையம். அதன்மேல் ஏற்கெனவே காற்றடித்த டயர் இருக்கும். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைக் கொக்கி போட்டு இறுக்கிவிட்டால் வண்டி நகரும். பிறகு கழற்றக்கூடிய சக்கரங்கள் வந்து அந்த வளையம் காணாமல் போனது. பெயர் மட்டும் பேரரசின் வழியாக இந்தியாவுக்கு வந்து தங்கிவிட்டது. பிரேசிலில் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு 'எஸ்டெப்பே' என்றுதான் பெயர்.

சரி, பஞ்சர் என்ற தொல்லை ஏன் வந்தது? நாம் காற்றின்மேல் பயணம் செய்ய ஆசைப்பட்டதால் வந்தது. 1845-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது சைக்கிளே சரியாக வரவில்லை; குதிரை வண்டிக்காக யோசித்தது அது. உலகம் அதை மறந்தும் போனது. நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்து, பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடப்பதைப் பார்த்து அதே யோசனையை மறுபடி கண்டுபிடித்தார். 1888-இல் அவருக்கும் காப்புரிமை கிடைத்தது. தாம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்ததும் அது செல்லாமல் போனது. ஆனால் இந்த முறை சைக்கிள் இருந்தது. காற்று ஜெயித்துவிட்டது.

காரில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 1895-இல் பாரிஸில் இருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் மாட்டிய காரைத் தாங்களே ஓட்டிப் போனார்கள். வழியெல்லாம் பஞ்சர். நேரம் கடந்துதான் வந்து சேர்ந்தார்கள். அன்று பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அடுத்த சில வருடங்களில் கார் என்றாலே காற்று டயர் என்று ஆகிவிட்டது.

*

இதன் கணக்கு எனக்குப் பிடிக்கும். என் வண்டியின் எடை சுமார் 1,600 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. 33 பிஎஸ்ஐ காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் 170 சதுர சென்டிமீட்டர் சொச்சம். அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எடையைத் தாங்குவது பெரும்பாலும் காற்று. ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை.

அந்தப் பையை நல்ல பையாக மாற்றியது டியூப்லெஸ். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் ஃப்ராங்க் ஹெர்செக் உருவாக்கியது. காப்புரிமை கிடைத்தது 1952-இல். 1955 வாக்கில் அமெரிக்காவின் புதுக் கார்களில் அது வழக்கமாகிவிட்டது. டியூப் டயரில் ஆணி குத்தினால் டியூபில் இருக்கும் காற்று சட்டென்று வெளியேறும். டியூப்லெஸ்ஸில் உள்பக்க ரப்பர் படலம் ஆணியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். குத்திய ஆணியே அடைப்பாகவும் இருக்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். பெரும்பாலான நேரம் நமக்கு அடுத்த பஞ்சர் கடைவரை அவகாசம் கிடைக்கும்.

ஆனால் எல்லா நேரமும் கிடைக்காது. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த மிச்சத்தையும் ஒழிக்க வந்ததுதான் ரன்-ஃப்ளாட்.

ஆரம்ப முயற்சிகளில் ஒன்று டன்லப் நிறுவனத்தின் டெனோவோ. 1974-இல் மினி 1275 ஜிடி காரில் விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். டயருக்குள் மசகுத் திரவம் இருக்கும். காற்று போனதும் அது பரவி, மடிந்த ரப்பர் உரசிச் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கென்று தனி ரிம் வேண்டும். பிறகு மிஷலின் பாக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. டயருக்குள்ளே இன்னொரு வளையம் இருக்கும். காற்று இறங்கினால் வண்டி அதன்மேல் உட்காரும். 2005 மாடல் ஹோண்டா ஒடிஸியின் உயர்ரக வகையில் அதைப் பொருத்தினார்கள். நல்ல பொறியியல். ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும், அது எல்லாக் கடைகளிலும் இல்லை. சில வருடங்களில் மிஷலின் அந்த முயற்சியைக் கைவிட்டது.

நிலைத்தது எளிமையான வழி: பக்கச்சுவரையே தடிமனாக்குவது. காற்று போனாலும் அந்தத் தடித்த ரப்பரே வண்டியைத் தாங்கும், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம்வரை. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கொர்வெட்டில் ஸ்டெப்னியே வைக்கவில்லை. 2005-இல் பிஎம்டபிள்யூ தன் 3 சீரிஸையே ரன்-ஃப்ளாட்டில் வெளியிட்டது. கார் கம்பெனிகளுக்கு லாபம் வெளிப்படை: ஒரு சக்கரத்தின் எடை குறையும், டிக்கியில் இடம் கிடைக்கும்.

நமக்கு என்ன நஷ்டம்? டன்லப் எதைவிட்டுத் தப்பிக்கக் காற்றைத் தேடிப் போனாரோ, அதில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. தடித்த சுவர் குழிகளில் வளைந்து கொடுக்காது. அந்த அடி நேராக நம் முதுகுக்கு வரும்.

*

அப்பாவுக்குப் போன வருடம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. சென்னையில் இருந்து நாமக்கல்லுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் பின்சீட்டில் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. தொப்பூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு என் லாரியே தேவலாம் சாமி." சிரிக்கத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு புகாரும் உண்டு. ஒருமுறை இரண்டங்குல ஆணி ஒன்று குத்தியது. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைச் சேட்டன் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது நம்ம மெஷின்ல கழறாது சார்." சர்வீஸ் சென்டரில், காற்றில்லாமல் ஓடிய டயரின் உள்சுவர் எவ்வளவு சேதமாகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மாற்றுவதுதான் நல்லது என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் சாதா டியூப்லெஸ்ஸில் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும் வேலை, எனக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஆனது.

இவ்வளவும் ஒரு பக்கம். தராசு சாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சாதா டியூப்லெஸ், கூடவே காற்றடிக்கும் சின்ன பம்பு, டிக்கியில் ஒரு ஸ்டெப்னி என்று திட்டம் போட்டு மனைவியிடம் சொன்னேன்.

"அந்த ஆணி குத்தினப்ப வண்டிய ஓட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

அவள்தான். இரவு பதினொரு மணி. மறைமலைநகரில் வேலை முடிந்து, அம்மா வீட்டில் இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு வெளிவட்டச் சாலையில் ஆவடிக்கு வந்துகொண்டிருந்தாள். வண்டலூர் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அங்கே நீண்ட தூரத்துக்குக் கடையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் பின்சீட்டில் தூங்கியபடியே வந்தாள்.

"நீ இறங்கி ஜாக்கி போடலாம். மாமாவும் போட்டிருக்காரு. நான் அந்த ரோட்ல இறங்கணுமா?"

ஒரு மாதமாக நான் படித்த வரலாற்றில் இந்தக் கேள்வி இல்லை. ஸ்டெப்னி என்ற ஏற்பாட்டுக்குள் ஓர் ஆள் ஒளிந்திருக்கிறான். கையில் பலம் உள்ளவன், இருட்டில் சாலையோரம் அரைமணி நேரம் குனிந்து நிற்கப் பயப்படத் தேவையில்லாதவன். லனெத்லியில் இருந்து நாமக்கல் வரை அந்த ஆள் ஆணாகவே இருந்திருக்கிறான். நானும் என் திட்டத்தில் அவனையே வைத்திருந்தேன், என் வண்டியை வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுவது அவள் என்பது தெரிந்திருந்தும்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு சர்வர் விழாமல் இருக்காது. விழும்போது அந்தச் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதை முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும். டயரும் அப்படித்தான். ஸ்டெப்னி அதை ஓட்டுபவரின் கையில் வைக்கிறது. டியூப்லெஸ் பஞ்சர் கடைக்காரரிடம் தருகிறது. ரன்-ஃப்ளாட் அதைப் பணமாகவும் முதுகுவலியாகவும் மாற்றித் தருகிறது. எங்கள் வீட்டில் பணத்தை என்னால் கொடுக்க முடியும். முதுகுவலி வருடத்துக்கு நான்கைந்து பயணம். அப்பாவை முன்சீட்டில் உட்கார வைக்கலாம், மெதுவாக ஓட்டலாம், முடியாத நாளில் ரயிலில் போகலாம். பதினொரு மணி இருட்டுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் எங்களிடம் இல்லை.

மறுபடி ரன்-ஃப்ளாட்டே போட்டேன்.

*

போன மாதம் அப்பா வந்திருந்தார். பழைய வழக்கப்படி வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயரையும் குதிகாலால் தட்டினார். லாரிக்காரர்கள் இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றின் அளவைச் சொல்லிவிடுவார்கள். இந்த டயர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சுவர் அவ்வளவு விறைப்பு. காற்று இறங்கினாலும் பார்வைக்குத் தெரியாது. அதனால்தான் ரன்-ஃப்ளாட்டோடு அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கருவி எல்லாக் கார்களுக்கும் வந்ததன் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து அமெரிக்காவில் பலர் இறந்த பிறகுதான், 2000-இல் அங்கே அதற்கான சட்டம் வந்தது. இந்தியாவில் 2020-இல் விதியைத் திருத்தினார்கள்: டியூப்லெஸ் டயரும் இந்தக் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை.

"காத்து இருக்கா இல்லையான்னு எப்படித்தான் தெரியும்?" என்று கேட்டார்.

"வண்டியே சொல்லும் மாமா, மஞ்ச லைட்டு எரியும்" என்றாள் என் மனைவி. "எனக்கு அன்னிக்கு அப்படித்தான் சொல்லுச்சு."

அந்த இரவின் கதையை அவர் அதுவரை கேட்டதில்லை. அவள் சொல்லச் சொல்ல, டயரில் கைவைத்தபடி நின்று கேட்டார். முடிந்ததும், "அப்ப இதுவே இருக்கட்டும் கண்ணு" என்றார்.

பிறகு முன்கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே உட்கார்ந்தார்.