குடும்பப் பெயருக்குப் பதிலாக ஒரு வயலின்

வெனிஸ் நகரில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது பியெத்தா ஆலயம். அதன் பக்கச் சுவரில் பழைய கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பிள்ளையை வளர்க்கும் வசதி இருந்தும் அதை இந்த இல்லத்தில் விட்டுச் செல்வோர்மேல் இறைவனின் சாபமும் சபைவிலக்குத் தண்டனையும் விழும் என்று அது அறிவிக்கிறது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் விடுத்த ஆணையே அதற்கு ஆதாரம். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதைக் கவனியாமல் கடந்து செல்கின்றனர். விவால்தியின் இசை ஒலித்த இடம் என்று வழிகாட்டிகள் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடுகின்றனர். இன்றைய ஆலயம் ஜோர்ஜோ மஸ்ஸாரியின் திட்டப்படி கட்டப்பட்டு 1760-இல் அர்ச்சிக்கப்பட்டது. விவால்தியோ 1741-இலேயே வியன்னாவில் இறந்துபோனார். இசை ஒலித்தது அருகிலிருந்த பழைய சிற்றாலயத்தில்.

அந்த இசையை ஒலிக்கச் செய்தவர்கள் யார் என்பதே நம் அக்கறை. அவர்கள் கைவிடப்பட்ட பெண் குழந்தைகள்.

இல்லத்தைத் தொடங்கியவர் பியெத்ருச்சோ என்னும் பிரான்சிஸ்கன் துறவி. ஆண்டு 1346. தெருவிலும் கால்வாய்க் கரையிலும் கிடந்த சிசுக்களை அவர் பொறுக்கியெடுத்து, வீடு வீடாகச் சென்று 'இரக்கம், இரக்கம்' என்று கூவி உதவி கேட்டார் என்பது மரபுச் செய்தி. பியெத்தா என்ற சொல்லின் பொருளே இரக்கம்தான். பின்னாளில் வெனிஸ் குடியரசின் பொறுப்பில், உயர்குடியினர் அடங்கிய ஆளுநர் குழு இல்லத்தை நடத்தியது. சுவரில் ஒரு சிசு மட்டுமே நுழையக்கூடிய மாடம் இருந்தது. இரவில் தாயோ உறவினரோ குழந்தையை அதில் வைத்துவிட்டு மறைந்துவிடலாம். யார், எவர் என்ற கேள்வி இல்லை. 1992-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்த நமக்கு இந்த மாடம் புதிதாகத் தோன்றாது.

பல குழந்தைகளின் துணிக்குள் ஓர் அடையாளப் பொருள் இருக்கும். பாதியாக உடைத்த பதக்கம், பாதியாகக் கிழித்த சீட்டுப் படம், அல்லது ஒரு துண்டுத் துணி. மறுபாதி தாயிடம். என்றாவது நல்ல காலம் வந்தால் இரண்டையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது. அப்படி மீட்கப்பட்டோர் சிலரே. மாடத்தில் கிடந்த குழந்தைக்கு இல்லத்தின் முதலெழுத்து உடலில் சூடாகப் பொறிக்கப்பட்டது. நம் காலத்துக் கண்ணுக்கு இது கொடுமை. குழந்தைகள் மாறிப்போகாமலும், இல்லத்தின் பாதுகாப்பில் உள்ளது என்று எங்கும் அறியப்படவும் செய்யப்பட்ட ஏற்பாடு என்று அக்கால ஆட்கள் சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

ஆண் பிள்ளைகள் ஏதேனும் கைத்தொழில் பழகி இளம் வயதிலேயே வெளியேறினர். பெண் பிள்ளைகளுக்கு வெளியேற இரண்டே வாயில்கள்: திருமணம், அல்லது கன்னியர் மடம். இரண்டும் வாய்க்காதவர்கள் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தனர். அவர்களிலும் இரு பிரிவினர் உண்டு. பொதுப் பிரிவினர் தையல், சரிகைப் பின்னல், பட்டு வேலை, சமையல், நோயாளிகளைப் பேணுதல் என்று உழைத்தனர். குரலிலும் காதிலும் திறமை காட்டியவர்கள் பாடற்குழுப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இன்று நாம் கல்வி உதவித்தொகை என்று சொல்லுவதன் பழைய வடிவம் ஒன்றை இந்தத் தேர்வில் காண்கிறோம். பல நூறு பேர் வாழ்ந்த வீட்டில் சில பத்துப் பேருக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு அது.

தேர்வு பெற்றவளுக்கு வாய்த்தவை என்ன? முதலாவது ஆசிரியர்கள். மூத்த பெண்களே இளையோருக்குக் கற்பித்தனர். வெளியிலிருந்தும் தேர்ந்த இசைஞர் அமர்த்தப்பட்டனர். 1703-இல் குருப்பட்டம் பெற்ற செந்நிற முடிக்காரரான அந்தோனியோ விவால்தி, அதே ஆண்டில் வயலின் ஆசிரியராக இங்கு வந்தார். மார்பு நோயைக் காரணம் காட்டித் திருப்பலி நிறைவேற்றுவதைச் சில காலத்திலேயே நிறுத்திக்கொண்டவர் அவர். ஆளுநர்கள் அவரை எளிதில் விட்டுவைக்கவுமில்லை: 1709-இல் வாக்கெடுப்பில் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை, 1711-இல் மீண்டும் அழைத்துக்கொண்டனர். 1716-இல் அவர் இயற்றிய 'யூதித்தின் வெற்றி' என்னும் இசைக்காவியத்தில் படைத்தளபதி ஒலோபெர்னெஸ் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் இல்லத்துப் பெண்களே பாடினர். ஆண் குரல் ஒன்றும் அதில் இல்லை.

அடுத்தது சலுகைகள். பாடற்குழுவினருக்குக் கூடுதல் உணவு, விளக்கெரிக்க எண்ணெய், குளிருக்கு விறகு, எப்போதாவது அனுமதியுடன் நாட்டுப்புறத்துக்கு ஒரு பயணம். மேல்நிலைக்கு உயர்ந்தோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் கட்டணத்துக்கு மாணவியராக ஏற்றுக் கற்பிக்கலாம். அந்த வருவாயில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஒருபுறம் தெரு மாடத்தில் கிடந்த பிள்ளை, மறுபுறம் மாளிகையில் பிறந்த பிள்ளை. இங்கே முன்னவள் ஆசிரியை, பின்னவள் மாணவி! அக்கால ஐரோப்பாவில் இப்படி ஒரு காட்சியை வேறெங்கும் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

இவர்களில் புகழ்பெற்றவள் அன்னா மரியா. 1696 அளவில் பிறந்து, சிசுவாக இல்லத்துக்கு வந்தவள். குடும்பப் பெயர் கிடையாது. எனவே அந்த வீட்டு வழக்கப்படி கருவியே பெயரோடு ஒட்டிக்கொண்டது: 'வயலின் அன்னா மரியா'. பெல்லெக்ரீனாவுக்கு ஓபோ என்னும் குழல், மற்றவளுக்கு ஆர்கன். விவால்தி அன்னா மரியாவை மனத்தில் கொண்டு எழுதிய வயலின் இசைக்கோவைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. இசைவாணர் பலர் தம் வாழ்நாள் முழுவதும் ஏங்கினாலும் கிட்டாத மரியாதை இது.

இந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்ததை மறைப்பதற்கில்லை. அவர்கள் வாசித்தது மேல்மாடத்தில், இரும்புக் கம்பி வலைக்குப் பின்னால். கேட்போருக்கு உருவம் தெரியாது, நிழல் மட்டுமே. திருமணம் செய்துகொள்ள விரும்பினால் இல்லம் சீதனம் கொடுக்கும்; ஆனால் இனிப் பொதுவில் இசைப்பதில்லை என்று அவள் உறுதிமொழி தரவேண்டும். எந்தத் திறமைக்காகப் பாராட்டினார்களோ, அந்தத் திறமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே போகலாம். பரிசளித்தவர்கள் பரிசைத் தங்கள் உடைமையாகவே கருதினர் என்று சொல்லுவது மிகையாகாது. ஆலயத்துக்கு வந்த கூட்டமும், இருக்கைக்குத் தந்த காணிக்கையும், இறப்போர் எழுதி வைத்த கொடைகளும் இல்லத்தின் செலவைத் தாங்கின என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ 1743-44 காலத்தில் வெனிஸில் இருந்தபோது, இதே வகையைச் சேர்ந்த மெந்திகாந்தி இல்லத்தின் இசையில் மயங்கினார். வலைக்குப் பின்னால் தேவதைகள் இருப்பதாக எண்ணி, ஒருவழியாக அவர்களோடு விருந்துண்ண அனுமதி பெற்றார். வந்தவர்களுள் ஒருத்திக்கு ஒற்றைக் கண். ஒருத்திக்கு அம்மைத் தழும்பு. முதலில் நடுங்கிப்போனாலும், விருந்து முடிவதற்குள் அவர்கள் அழகிகளாகத் தோன்றியதாகத் தம் சுயசரிதையில் எழுதுகிறார். அந்தப் பெண்களுக்கு அன்று என்ன தோன்றியது என்று எழுத ஒருவரும் இல்லை.

இலண்டனில் வேறு கதை. தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் பல்லாண்டு அலைந்து 1739-இல் அரசு ஆணை பெற்று நிறுவிய கைவிடப்பட்டோர் இல்லத்துக்கு, இசைமேதை ஹாண்டெல் 1750 முதல் தம் 'மெசியா' நிகழ்ச்சிகளால் பெரும் நிதி திரட்டித் தந்தார். 1770-இல் இத்தாலியைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் பர்னி, வெனிஸ், நேப்பிள்ஸ் இல்லங்களைப் போல இங்கும் ஓர் இசைப் பள்ளி வேண்டும் என்று 1774-இல் திட்டம் அளித்தார். நிர்வாகிகள் ஏற்கவில்லை. இசை ஆடம்பரக் கலை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உழைப்பே ஏற்றது என்ற வாதம் வென்றது. இசையால் வளர்ந்த இல்லம், தன் பிள்ளைகளுக்கு இசைப் பள்ளி வேண்டாமென்றது!

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. நம் இளமையில், ஓர் இல்லத்தின் ஆண்டு விழாவில், தேர்வில் முதலிடம் பெற்ற சிறுமியை மேடைக்கு அழைத்தார்கள். பெயரைச் சொல்லுமுன் 'தாய் தந்தையற்ற இந்தப் பிள்ளை' என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல் பலமாக இருந்தது. அவள் தலை நிமிரவில்லை. நாமும் கைதட்டியவர்களுள் ஒருவர்தாம். இன்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. 46-ஆம் பிரிவு 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பண உதவி வழங்க இடமளிக்கிறது. அமெரிக்காவிலும் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோரின் உயர்கல்விக்கென உதவித்தொகை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சட்டத்தில் இடம்பெற்றது. அன்னா மரியாவுக்கு வாசலில் விதித்த நிபந்தனை இவற்றில் இல்லை.

1797-இல் நெப்போலியன் முன் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. பாடற்குழுவின் பெருமையும் மங்கியது. குழந்தைகளைப் பேணும் பணி மட்டும் நிற்கவில்லை. பியெத்தா நிறுவனம் இன்றும் இடர்ப்பட்ட தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தந்து வருகிறது.

அன்னா மரியா 1782-இல், ஏறத்தாழ எண்பத்தாறு வயதில் இறந்தாள். அவள் வாசித்த வயலின் பகுதிகள் அடங்கிய ஏடு வெனிஸ் இசைக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அதிலுள்ள சில இசைக்கோவைகளுக்கு அவளுடைய பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. சுற்றியிருந்து உடன் வாசித்த மற்றப் பெண்களுக்குரிய தாள்கள் கிடைக்கவில்லை.