நாய்க்குட்டித் தடுப்பூசிகளின் வரலாறு

நாய்க்குட்டித் தடுப்பூசிகள் என்பவை, நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 6 வார வயது தொடங்கி 16 வார வயது வரையில் இடைவெளி விட்டுப் போடப்படும் தடுப்பூசிகளின் தொகுப்பாகும். டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல், வெறிநோய் எனப்படும் ரேபிஸ் ஆகியவை இவற்றால் தடுக்கப்படும் முதன்மையான நோய்கள். இன்று ஒரு வீட்டில் நாய்க்குட்டி வாங்கியதும் கால்நடை மருத்துவர் கையில் கொடுக்கும் சிறிய தடுப்பூசி அட்டை, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகால ஆய்வின் சுருக்கம். அந்த அட்டையில் ஒரே ஊசி ஏன் இரண்டு மூன்று முறை எழுதப்பட்டுள்ளது, வெறிநோய் ஊசி ஏன் மூன்று மாதம் வரை தள்ளிப் போகிறது, குட்டியை எப்போது தெருவில் நடத்திச் செல்லலாம் ஆகிய கேள்விகளுக்கான விடைகள் இந்த வரலாற்றில்தான் உள்ளன.

பின்னணி

மனிதனுடன் நாய் வாழ்ந்த காலம் மிக நீண்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாய்க்கு இத்தகைய மதிப்பு இருந்தும், நாய்க்கென்று தனியான மருத்துவக் கல்வி மிகப் பிந்தியே வந்தது. பிரான்சின் லியோன் நகரில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட முதல் கால்நடை மருத்துவப் பள்ளியின் நோக்கம் மாடும் குதிரையும்தான். உழவும் போரும் அவற்றை நம்பியிருந்தன. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே தேவையில் பிறந்ததே. இக்கல்லூரி 1936இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கியது. 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்று உள்ளது.

அக்காலத்தில் ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றிரண்டு தங்கினால் போதும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. மீதிக் குட்டிகளைக் குடற்புழு, டிஸ்டெம்பர், பசி ஆகியவை கொண்டு போயின.

வெறிநோய்: முதல் தடுப்பூசி

நாய்களுக்கான தடுப்பூசியின் வரலாறு, மனிதரைக் காக்கும் முயற்சியாகத் தொடங்கியது. லூயி பாஸ்டரும் எமில் ரூவும் வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, நோய்க்கிருமியின் வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்தனர். இம்மருந்து முதலில் நாய்களுக்கே செலுத்தப்பட்டது. ஊசி போட்ட நாய்கள் வெறிநோயைத் தாங்குவதை 1884இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழு சோதித்துப் பார்த்தது. எனினும் நாட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பல ஊசிகளைத் தொடர்ந்து போடுவது அன்று நடவாத செயல். அதனால் கடிபட்ட மனிதருக்கு ஊசி போடும் வழியே நிலைத்தது. 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அந்த நாளே இன்று உலக விலங்குவழி நோய்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்தியாவில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. குன்னூர் நிறுவனத்துக்கு அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடை உதவியது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் ஆட்டு மூளையிலிருந்து, ஃபீனால் கொண்டு கிருமியைச் செயலிழக்கச் செய்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை அஞ்சியது இந்த ஊசியைத்தான். விலை குறைவு என்பதால் இது நீடித்தது. ஆனால் சிலருக்கு நரம்புப் பாதிப்பை உண்டாக்கியது. திசு வளர்ப்பு முறையில் தயாராகும் பாதுகாப்பான ஊசிகள் வந்த பின்னரும் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்து, 2005ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

கடிபட்டவருக்குப் பிறகு ஊசி போடுவதை விட, கடிக்கும் நாய்க்கு முன்னரே ஊசி போடுவது எளிது என்ற சிந்தனை ஜப்பானில் செயலுக்கு வந்தது. உமேனோ, டோய் ஆகியோர் நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வை 1921இல் வெளியிட்டனர். 1950இல் ஜப்பான் நாய்களைப் பதிவு செய்து ஊசி போடுவதைச் சட்டமாக்கியது. 1957க்குப் பிறகு அந்நாட்டு விலங்குகளிடையே வெறிநோய் பரவவில்லை. மலாயாவிலும் 1950களின் தொடக்கத்தில் கோழிக் கருவில் வளர்த்த புதிய ஊசியைக் கொண்டு கட்டாயத் தடுப்பூசித் திட்டம் நடத்தப்பட்டு நோய் கட்டுக்குள் வந்தது.

டிஸ்டெம்பர்: வேட்டைக்காரர்களின் நிதி

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நாய் வளர்ப்போர் மிகுதியும் அஞ்சிய நோய் டிஸ்டெம்பர். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று தொடங்கி, வலிப்பிலும் தசைத் துடிப்பிலும் முடியும். பிழைத்த குட்டிகளுக்கும் நரம்புக் கோளாறு எஞ்சுவதுண்டு. எட்வர்டு ஜென்னர் 1809இலேயே இந்நோயை விவரித்தார். இதற்குக் காரணம் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் வைரஸ் என்பதை 1905இல் பிரான்சின் ஆன்றி கார்ரே காட்டினார். ஆனால் வேறு பலர் பாக்டீரியாவே காரணம் என்று வாதிட்டு வந்தனர். 1923இல் இத்தாலியின் புன்டோனி, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஊசி ஒன்றைத் தயாரித்தார்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் 'தி ஃபீல்டு' என்னும் வேட்டை, விளையாட்டு இதழ் இந்நோயை ஆராய நிதி திரட்டியது. வேட்டைநாய் வளர்த்தோர் பெருமளவில் நன்கொடை அளித்தனர். பேட்ரிக் லேய்ட்லா, டங்கின் ஆகிய இருவர் லண்டனை அடுத்த மில் ஹில்லில் ஆய்வு செய்தனர். வெளித் தொற்றே இல்லாமல் தனிமையில் வளர்த்த நாய்களும், கீரியை ஒத்த உருவமுடைய ஃபெரெட் என்னும் சிறு விலங்கும் அவர்களுக்குப் பயன்பட்டன. வைரஸே காரணம் என்பதை 1926இல் உறுதி செய்து, 1928இல் தடுப்பூசி முறையை வெளியிட்டனர். முதலில் செயலிழந்த கிருமியும், பிறகு உயிருள்ள கிருமியும் செலுத்தும் இரட்டை முறை அது.

இந்த ஆய்வு மனித மருத்துவத்துக்கும் உதவியது. 1933இல் மனித இன்ஃப்ளுயென்சா வைரசை முதன்முதலாகப் பிரித்தறிந்த குழுவில் லேய்ட்லாவும் ஒருவர். அந்தக் கண்டுபிடிப்பும் ஃபெரெட்டைக் கொண்டே நடந்தது. 1950களில் கோழிக் கருவிலும், பின்னர் திசு வளர்ப்பிலும் வீரியம் குறைத்த டிஸ்டெம்பர் ஊசிகள் பரவலாயின.

தாய்ப்பால் தரும் காப்பும் அதன் சிக்கலும்

ஊசி வந்த பிறகும் ஒரு புதிர் தொடர்ந்தது. முறையாக ஊசி போட்ட குட்டிகளிலும் சில டிஸ்டெம்பர் கண்டு இறந்தன. மருந்து கெட்டுப் போயிருந்தது என்றோ, மருத்துவர் சரியாகப் போடவில்லை என்றோ உரிமையாளர்கள் எண்ணினர். உண்மைக் காரணம் தாய்ப்பாலில் இருந்தது.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டியின் இரத்தத்தில் சேர்கின்றன. முதல் வாரங்களில் குட்டியைக் காப்பவை இவையே. ஆனால் இவை வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமியையும் தடுப்பூசியிலுள்ள கிருமியையும் வேறுபடுத்தி அறிவதில்லை. சீக்கிரம் போடும் ஊசியை இவை முறித்துவிடுகின்றன. ஏறத்தாழ எட்டு, ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை இவற்றின் அளவு பாதியாகக் குறைகிறது. இடையில் ஒரு காலம் வருகிறது. அப்போது மிச்சமிருக்கும் எதிர்ப்பொருள் நோயைத் தடுக்கப் போதாது. ஊசியை வீணாக்க மட்டும் போதுமானது. பாதுகாப்பு இடைவெளி எனப்படும் இக்காலமே குட்டியின் வாழ்வில் மிக ஆபத்தானது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950களில் இதனைத் தெளிவாக்கினர். தாயின் இரத்தத்தைச் சோதித்துக் குட்டிக்கு ஊசி போட வேண்டிய வயதைக் கணிக்கும் வரைபடம் ஒன்றையும் 1959இல் வெளியிட்டனர். கணக்குச் சரியாக இருந்தும் நடைமுறைக்கு அது கடினமாக இருந்தது. தாயே இன்னதென்று தெரியாமல் வாங்கப்படும் குட்டிகள் ஏராளம். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் முந்திப் பால் குடித்ததற்கும் பிந்திக் குடித்ததற்கும் எதிர்ப்பொருளின் அளவு வேறுபடும். தட்டம்மை வைரசும் டிஸ்டெம்பர் வைரசும் உறவுடையவை என்பதால், மனிதருக்கான தட்டம்மை ஊசியையே இளங்குட்டிகளுக்குப் போடும் வழக்கமும் சில காலம் இருந்தது.

இறுதியில் எளிய வழியே நிலைத்தது. 6 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுவது என்று வகுக்கப்பட்டது. இரண்டாவது, மூன்றாவது ஊசிகள் முதல் ஊசிக்கு வலுவூட்டுபவை மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் ஒவ்வொரு ஊசியும் தாயின் எதிர்ப்பொருள் வடிந்த நேரத்தைப் பிடிக்கச் செய்யும் மறுமுயற்சி. முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில், அட்டையில் முத்திரை இருக்கும், குட்டியின் உடலில் காப்பு இல்லாமலும் போகலாம்.

பார்வோ: 1978இன் புது நோய்

1947இல் சுவீடனின் ரூபார்த், நாய்களின் தொற்றுக் கல்லீரல் அழற்சியை விவரித்தார். அதற்கான ஊசியும் டிஸ்டெம்பர் ஊசியோடு சேர்க்கப்பட்டது. நாய்க்குட்டி நோய்கள் கட்டுக்குள் வந்துவிட்டன என்று கருதப்பட்ட நிலையில், 1978இல் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் புதிய கொள்ளைநோய் வெடித்தது. கடும் வாந்தியும் இரத்தம் கலந்த, நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கும் கண்டு குட்டிகள் ஓரிரு நாட்களில் இறந்தன. எந்த நாய்க்கும் இதற்கான எதிர்ப்பாற்றல் இல்லாததால் இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1980களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இந்நோய் பற்றி எழுதினர்.

இது பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரசுக்கு மிக நெருங்கியது எனக் கண்டறியப்பட்டது. அதனால் அவசரத்துக்குப் பூனைத் தடுப்பூசியே நாய்களுக்குப் போடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நாய்க்கென்றே ஊசி உருவானது. அதில் கார்னெல் ஆய்வாளர்களின் பங்கு பெரிது.

பார்வோ வைரசின் தனித்தன்மை அதன் தாங்குதிறன். மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். வீட்டில் பயன்படுத்தும் சாதாரணத் தரைதுடைப்பு மருந்துகள் பல இதனை அழிப்பதில்லை. நீர் கலந்த பிளீச்சிங் கரைசல் அழிக்கும். செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டி வீட்டுக்குள் வரும் என்பதால், வெளியே விடாத குட்டிக்கும் இந்நோய் வரலாம். பார்வோ கண்டு குட்டி இறந்த வீட்டில், அந்தத் துயரத்தை ஆற்ற உடனே இன்னொரு இளங்குட்டியைக் கொண்டுவருவது அதனையும் அதே நோய்க்குத் தருவதாக முடியும். ஊசிகளை முடித்த, வயது கூடிய நாயைக் கொண்டுவருவதே பொருத்தமானது.

வீட்டில் வைப்பதா, வெளியே விடுவதா

ஊசிகள் முடியும் வரை குட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற அறிவுரை பார்வோவுக்குப் பிறகு வலுப்பெற்றது. இதற்கு எதிரான ஆய்வும் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். 3 முதல் 12 வாரங்களுக்குள் மனிதர், பிற நாய்கள், ஓசைகள் ஆகியவற்றோடு பழகாத குட்டி, பிற்காலத்தில் அச்சமும் மூர்க்கமும் கொண்டதாக வளர வாய்ப்புண்டு என்பது அவர்களின் முடிவு. பழகும் பருவமும் பாதுகாப்பு இடைவெளியும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் அமைந்துவிட்டன.

விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்த குட்டிகள் தூய்மையான இடத்தில், ஊசி போட்ட நாய்களோடு பழகத் தொடங்கலாம் என அறிவித்தது. நம் ஊர்ச் சூழலில் இதற்குப் பொருள், தெரு ஓரத்திலும் பொதுப் பூங்காவிலும் குட்டியைத் தரையில் விடாமல், தோளில் தூக்கிச் சென்று வண்டி ஓசையையும் மனிதர்களையும் காட்டலாம் என்பதே. ஊசி போட்ட நாயுள்ள உறவினர் வீட்டுக்கும் அழைத்துப் போகலாம்.

இன்றைய நடைமுறை

உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவர் சங்கம் 2007 முதல் தடுப்பூசி வழிகாட்டுதல்களை வெளியிட்டு வருகிறது. வெறிநோய் ஊசி 12 வாரம் நிறைந்த பின் போடப்படுகிறது. இந்தியாவில் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதே பொது வழக்கம். தாயின் கருவிலேயே உருண்டைப் புழுத் தொற்றைப் பெறுவதால், குடற்புழு நீக்கம் இரண்டாம் வாரத்திலேயே தொடங்குகிறது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டிகளை விற்கக் கூடாது. ஆயினும் முப்பது நாட்களில் தாயிடமிருந்து பிரித்து விற்பது தொடர்கிறது.

சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையையும் வெறிநோய் ஊசியையும் 1960களிலேயே முன்வைத்தது. 1996இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது. 2001இல் அது தேசிய விதியாயிற்று, 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் இலவச முகாம்களிலும் இந்த ஊசி கிடைக்கிறது.

எனினும் 12 வாரத்துக்கு முன் குட்டிக்கு வெறிநோய்க் காப்பு இல்லை. தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் நகத்தால் கீறினாலும், "குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பின் வெறிநோயிலிருந்து மீட்கும் நம்பகமான மருத்துவம் இன்றும் இல்லை. 1885இல் பாஸ்டர் எதிர்கொண்ட நிலை இந்த ஒன்றில் மட்டும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: நோய் வருமுன் தடுக்கும் ஊசி இன்று ஒவ்வோர் ஊரிலும் எட்டும் தொலைவில் இருக்கிறது.