கராத்தே அரங்கில் தமிழ்ப் பெண்

கடாரம் என்றவுடன் 1025ஆம் ஆண்டின் சோழர் கடற்படையெடுப்பே நம் மாணவர் நினைவில் எழும். அரசர் போரை விரித்துரைக்கும் நாம், அதே கெடா மண்ணின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த பெண்டிரின் உடல்வலிமையைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியதுண்டா? விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய அவர்தம் கைகால்களில் வலிமைக்குக் குறைவில்லை. எனினும், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் சிலம்பம் சுழற்றியவர் பெரும்பாலும் ஆடவரே. பெண்கள் சுற்றி நின்று பார்த்தனர்.

இவ்வழக்கத்தை உடைத்தது போர். 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்திப் பயின்றனர். போர் முடிந்தது, படையும் கலைந்தது.

கராத்தே இந்நாட்டில் வேரூன்றிய வரலாறும் அப்போரோடு தொடர்புடையதே. சப்பானியர் ஆட்சியில் சப்பானிய அதிகாரி ஒருவரிடம் அக்கலையைக் கற்ற சியூ சூ சூட் என்பார், 1966இல் கராத்தே புடோக்கான் கழகத்தை நிறுவினார். நம்மவர் சயாம் மரண இரயில் பாதையில் மடிந்த அதே ஆண்டுகளில், அதே ஆட்சியாளரின் கலையொன்று இங்கு விதைக்கப்பட்டது வரலாற்றின் விந்தையன்றோ?

உலகக் கராத்தேப் போட்டி 1970இல் தொடங்கியது. ஆயினும், மகளிர் அதில் தனித்து நின்று அசைவுகளைச் செய்துகாட்டும் ‘கத்தா’ப் பிரிவில் இடம்பெற 1980 வரையிலும், எதிரெதிர் நின்று பொருதும் ‘குமித்தே’ப் பிரிவில் இடம்பெற 1982 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னரும் நெடுங்காலம் ஆடவர் மூன்று நிமிடம் பொருத, மகளிர்க்கு இரண்டே நிமிடம் வழங்கினர். அந்த ஒரு நிமிடத்தை எந்த உடலியல் நூலிலிருந்து கழித்தனரோ! இன்று இருபாலார்க்கும் மூன்று நிமிடமே.

குமித்தே முரட்டு விளையாட்டன்று. கைக்குத்திற்கு ஒரு புள்ளி. உடலில் படும் உதைக்கு இரண்டு. தலையை நோக்கி எழும் உதைக்கு மூன்று. ஆனால், அடியின் விசையை அடக்கத் தெரியாதவர் தண்டனை பெறுவார். புள்ளிகள் சமமாயின், தடையின்றி முதற்புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. ஆகவே, விரைவைவிடக் கணிப்பே இங்குப் பெரிது.

இத்தகைய அரங்கில்தான், 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மலேசியாவின் ஷாமளாராணி சந்திரன் 50 கிலோவிற்குக் கீழ்ப்பட்ட மகளிர் குமித்தேயில் தங்கம் வென்றார். கராத்தே 1994இல்தான் ஆசியப் போட்டியில் நுழைந்தது என்பதை எண்ணினால் இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

ஆனால், ஒலிம்பிக்கில் அவருடைய எடைப்பிரிவே இருந்ததில்லை. 2021இல் தோக்கியோவில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றபோது, மகளிர் குமித்தேயில் மூன்றே பிரிவுகளை வைத்தனர்; 50 கிலோவினர் 55 கிலோவினரோடு மோத வேண்டியதாயிற்று. 2024இல் பாரிசில் கராத்தே அறவே நீக்கப்பட்டது.

அதே ஹாங்சௌவில் கெடா மாநிலத்துச் சிவசங்கரி சுப்பிரமணியமும் சுவர்ப்பந்தில் தங்கம் வென்றார். 2018இல் நிக்கோல் டேவிட்டிடம் இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளி பெற்றவர் அவர்; 2022இல் சாலை விபத்தில் காயமுற்று மீண்டவர். இரு தமிழ்ப் பெண்கள், ஒரே போட்டி, ஒரே நிறப் பதக்கம். எனினும், 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற்கான பட்டியலில் சுவர்ப்பந்து சேர்க்கப்பட்டது. கராத்தே சேர்க்கப்படவில்லை.