புதியவனுக்கென்று வந்த பேய்

ஆலங்குடாவில் இரவுக் காவலுக்கு நிற்பவனைப் பயமுறுத்தத் தனியாக ஒரு பேய் தேவையில்லை. மேற்கே திறந்த கடல். காற்று கிளம்பினால் காய்ந்த பனையோலை மட்டையோடு உரசி, யாரோ காலை இழுத்து நடப்பது போலச் சத்தம் வரும். கற்பிட்டிக் குடாநாட்டில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளில் ஒன்று நடுச்சாமத்தில் வேலிக்கு அப்பால் நின்று கத்தினால் போதும், மலையகத்திலிருந்து நேற்று வந்திறங்கிய பையனுக்குக் குலை நடுங்கும். சென்றிக்குப் போகுமுன் அவன் காதில் ஒரு கதையைப் போட்டுவிட்டால், மிச்சத்தைக் காற்றும் கழுதையும் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கரையில் புதிய படையாட்கள் வந்திறங்குவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. வடக்கே கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது கடற்படை இருக்கிறது. உள்ளே இயேசு சபையாரின் பழைய சிற்றாலயம்; சுரங்கப்பாதை இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு. பேய்க்கதைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆனால் கோட்டைக்குள் காவல் நின்ற ஒல்லாந்தச் சிப்பாய் இங்கு வந்து பயந்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம். அவனுக்கான பகிடிவதையைக் கப்பலிலேயே முடித்து அனுப்பியிருப்பார்கள்.

கடற்கொள்ளையரோடு திரிந்து, 1678இல் அவர்களைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் நூல் வெளியிட்ட எக்ஸ்க்வெமெலின் இதை விவரிக்கிறார். போர்த்துக்கல் கரைக்கு அப்பால் பெர்லெங்காஸ் என்ற பாறைத்தீவுகள் உண்டு. ஒல்லாந்தக் கப்பல் அவற்றைக் கடக்கும்போது, முதல் தடவை வருகிறவனைப் பாய்மரக் குறுக்குக் கழியின் நுனிக்கு ஏற்றி, அங்கிருந்து மூன்று முறை கடலில் விழவைப்பார்கள். குற்றவாளிக்குக் கொடுக்கும் தண்டனையும் இதேதான். நான்காம் முறையும் விழுந்தால் அது ஒரேஞ்சு இளவரசரின் பெயரால் கிடைக்கும் தனி மரியாதையாம்! வேண்டாம் என்பவன் காசு கட்டித் தப்பலாம். சம்பளத்துக்கு உயிரை அடகு வைத்து வந்த ஏழைச் சிப்பாயிடம் காசு எங்கே இருக்கும்?

பூமத்திய ரேகையில் நடப்பது இன்னும் பெரிய கூத்து. அங்கே வருவது பேயல்ல, கடலரசன் நெப்டியூன். 1832 பெப்ரவரி 16ஆம் திகதி, பீகிள் கப்பல். கேப்டன் ஃபிட்ஸ்ராய். மாலை இருட்டும் நேரத்தில் கடலிலிருந்து ஒரு குரல் கப்பலைக் கூப்பிடுகிறது. ஊதுகுழலை வாயில் வைத்துக் கேப்டனே அந்தக் குரலோடு பேசுகிறார். காலையில் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டுக் குரல் அடங்குகிறது. முதல் முறை ரேகையைக் கடப்பவர்களுக்கு இதைக் கேட்ட பிறகு தூக்கம் எப்படி வந்திருக்கும்? அவர்களில் ஒருவருக்கு வயது 23. பெயர் சார்லஸ் டார்வின்.

மறுநாள் டார்வினின் கண்ணைக் கட்டி நடத்திப் போனார்கள். வழியெங்கும் வாளி வாளியாகத் தண்ணீர். தொட்டியின் மேல் கிடந்த பலகையில் உட்காரவைத்து, முகத்திலும் வாயிலும் கீலையும் பெயின்ட்டையும் பூசி, சொரசொரப்பான இரும்புப் பட்டையால் 'சவரம்' செய்தார்கள். பிறகு பலகையைக் கவிழ்த்துவிட்டார்கள். தலைகீழாக விழுந்தவரைத் தொட்டிக்குள் நின்ற இருவர் பிடித்து முக்கி எடுத்தார்கள். இது சலுகை. மற்றவர்களில் பலருக்குக் கண்ட கலவையையெல்லாம் வாய்க்குள்ளேயே திணித்தார்கள் என்று டார்வின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு: அன்று கப்பலில் நனையாதவர் ஒருவருமில்லை, கேப்டன் உட்பட.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரிதான். கேப்டனும் நனைந்த இடத்தில் அதைப் பகிடி என்று சொல்லலாம். புதியவன் மட்டும் நனைகிற இடத்தில் அது வதை. இப்படிப்பட்ட வழக்கத்தைப் பலர் அபத்தம், ஆபத்து என்று கண்டிப்பதை ஃபிட்ஸ்ராயும் எழுதியிருக்கிறார். ஆனாலும் முற்றாக விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

எல்லாப் பேயும் பேய்க்காட்டுவதற்கு வந்ததல்ல. இந்தியாவின் சிக்கிமில் நாதுலா கணவாய் அருகே 1968இல் இறந்த பஞ்சாப் படைப்பிரிவுச் சிப்பாய் ஹர்பஜன் சிங்குக்கு அங்கே கோயிலே உண்டு. காவலில் கண்ணயர்பவனை அவர் ஆவி அறைந்து எழுப்பும் என்பது படையினரின் நம்பிக்கை. நெடுங்காலம் ஆண்டுதோறும் அவருக்கு விடுப்புக் கொடுத்து, ரயிலில் இடம் பதிந்து, பெட்டியை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். பனியில் தனியாக நிற்கும் புதியவனுக்கு அந்த ஆவி மேலதிகாரி போலவும் இருக்கிறது, துணை போலவும் இருக்கிறது. வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வேலிக்குப் பின்னால் பதுங்குகிறவன் இந்த இரண்டுமில்லை. கையில் துப்பாக்கி உள்ளவனைப் பயமுறுத்துவதில் இருக்கும் முட்டாள்தனத்தை விளக்கத் தேவையில்லை.

இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், உடற்காயத்தோடு நிற்காமல் மன வேதனையையும் அச்சத்தையும் விளைவிக்கும் செயலையும் பகிடிவதை என்று வரையறுக்கிறது. இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை கிடைக்கலாம். ஆனால் அது கல்வி நிறுவனங்களுக்கான சட்டம். பாசறைக்கும் அதே வரையறை வேண்டும் என்பேன். படைச் சேவையில் இருந்த வாசகர்கள், முதல் இரவுக் காவலில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். பெயரை வெளியிட மாட்டோம்.

(தொடரும்)