மீந்த காய்கறிச் சமையல்: ராயபுரம்

விருந்துக்கோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கோ வேகவைத்து மிச்சமான காய்களை மறுநாள் வேறொரு பதார்த்தமாக மாற்றுவதுதான் மீந்த காய்கறிச் சமையல். இருந்ததைச் சூடுபண்ணிப் பரிமாறுவது இதில் சேராது. வட சென்னையில் ராயபுரம் என்ற ஒரே பேட்டைக்குள் இதற்கு மூன்று வழிகள் உண்டு: ஆங்கிலோ இந்தியர் வழி, பார்சிகள் வழி, தமிழ் வீடுகளின் வழி. மூன்றுமே கைத்திறனும் ருசியும் உள்ளவை. பழையதைத் தள்ளிவிடும் அவசரம் எதிலும் இல்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இந்தப் பக்கம் குடியிருந்தன. பிரிட்டிஷ்காரர்களின் ஞாயிறு ரோஸ்ட் இவர்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ஓவன் இல்லாத வீடுகளில் அது அடிகனமான பாத்திரத்தில், மிளகும் காய்ந்த மிளகாயும் சேர்ந்து, அடுப்பின் மேலேயே வெந்தது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அதே பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். அதனால் மறுநாளைக்கு மிஞ்சுகிற காயில் உப்பும் காரமும் கறியின் கொழுப்பும் ஏற்கெனவே ஊறியிருக்கும். திங்கட்கிழமைச் சமையலுக்கு இது பெரிய முதல்.

அந்தக் காய் பெரும்பாலும் கட்லெட்டாகும். இதில் கவனிக்க வேண்டியது தண்ணீர். கேரட்டிலும் பீன்ஸிலும் இருக்கிற ஈரத்தை ஓட்டாமல் தட்டினால் கட்லெட் எண்ணெயில் பிரிந்துவிடும். ஆகவே மசித்த காயை வெறும் வாணலியில் போட்டு, ஆவி அடங்கி, கலவை ஓரத்தை விட்டு உருண்டு வரும்வரை கிளற வேண்டும். பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புதினா. உள்ளங்கையில் வைத்துத் தட்டும்போது ஓரத்தில் விரிசல் விட்டால் ஈர விரலால் ஒருமுறை தடவி மூடிவிட்டு, முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுவார்கள். நேற்றைய உருளைக்கிழங்கு இதற்கு வெகு பொருத்தம்: ஆறும்போது அதன் மாவுச்சத்து இறுகுவதால் பசைபோல் இழுக்காது, தட்டிய வடிவம் கலையாது.

ரோஸ்ட்டில் இறைச்சியும் மிஞ்சினால் ஜால்ஃப்ரெஸி செய்வார்கள். இறைச்சியை மெலிதாக நறுக்கி, வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டு, நல்ல தீயில் புரட்டி எடுப்பது அது. மீந்த உருளைக்கிழங்குத் துண்டுகளும் அதில் சேர்ந்துகொள்ளும். இன்று ஓட்டல் மெனுக்களில் சிவப்புக் கிரேவியோடு வருகிற ஜால்ஃப்ரெஸி இதன் தூரத்து உறவுதான்.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்வது 'பபிள் அண்ட் ஸ்குவீக்'. மரியா ரண்டெல் 1806இல் வெளியிட்ட சமையல் நூலில் அது மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்ந்த பதார்த்தம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேஷன் வந்து இறைச்சி கிடைப்பது அரிதான பிறகு, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மட்டுமே அதற்குப் போதும் என்று ஆகிவிட்டது.

ராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சி அக்னி ஆலயம், தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு இருக்கிற ஒரே ஆலயம். மீந்த காய்க்குப் பார்சிகளின் வழி மிக எளிது. எந்தக் காயானாலும் அகலமான வாணலியில் பரப்பி, ஆங்காங்கே குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்கள். உருளைக்கிழங்கின் மேல் ஊற்றினால் 'பப்பேட்டா பர் ஈடு'. மேலே மஞ்சள் கரு இளகியும் அடியில் கிழங்கு லேசாக முறுகியும் இருக்கும். அவசரக் காலைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி மூன்றிலும் இல்லை.

தமிழ் வீடுகளில் ரோஸ்ட் கிடையாது. பொங்கலும் கல்யாணமும் உண்டு. பொங்கலன்று மொச்சை, பறங்கி, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், சேனை, அவரை, கத்திரிக்காய் என்று பல காய் போட்டு வைக்கிற குழம்பு அன்றைக்கே தீராது. மாட்டுப் பொங்கலன்று காலையில் அதோடு மிச்சமான பொரியலையும் ஒரே சட்டியில் கொட்டி, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், சிறுதீயில் சுண்ட வைப்பார்கள். இதுதான் சுண்டக்கறி. நாஞ்சில் நாட்டில் பழங்கறி. பறங்கி கரைந்து குழம்போடு ஒன்றாகிவிடும், வள்ளிக்கிழங்கு இனிப்பைக் கொடுக்கும், மொச்சை மட்டும் முழுசாக நிற்கும். நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்போது இறக்கிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், முதல்நாள் விருந்தே இதற்காகத்தான் என்று தோன்றும். புளி தூக்கலாக இருக்கிற குழம்பு தாங்கும். தேங்காய் அரைத்து விட்ட கூட்டு சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால் அதை இதில் சேர்க்காமல் அன்றே தீர்த்துவிடுவது நல்லது.

சென்னைக்கே உரிய வடகறியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. முந்தின நாள் விற்காத மசால் வடையை உதிர்த்துக் குருமாவில் போட்டு, காலை இட்லிக்குக் கொடுக்க ஆரம்பித்தது அது. இப்போது பல கடைகளில் வடகறிக்கென்றே பருப்பு அரைக்கிறார்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆகவே மீந்ததைச் சமைக்கத் தெரிந்த கைக்கு மதிப்பு அதிகம். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் அந்தக் கைக்கு நிதானமும் வேண்டும். சமைத்த உணவில் 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்கு இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மே மாத ராயபுரத்தில் அடுப்படி மேடை இரவு முழுவதும் இந்த அளவுக்குள்தான் இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடுகிற நஞ்சுகளில் ஒன்று கொதிக்க வைத்தாலும் அழியாது. மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோம் என்ற சமாதானம் அங்கே செல்லாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மொத்தச் சட்டியையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கச் சூடுபண்ணுங்கள். அதிலும் மிஞ்சினால் மூன்றாம் முறைக்கு வைக்க வேண்டாம்.