கொழுப்புக் குளிசை

யாழ்ப்பாணத்தில் மாத்திரை என்று சொல்பவர்கள் குறைவு. எங்களுக்கு அது குளிசை. பிறசர்க் குளிசை, சீனிக் குளிசை, கொழுப்புக் குளிசை: வயதானவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த மூன்று பெயர்களும் அன்றாடம் புழங்கும். குளிகைதான் திரிந்து குளிசையானது. சித்த வைத்தியர் மருந்தை அரைத்து, உருட்டி, உலர்த்தி எடுத்த சிறு உருண்டை குளிகை. மாத்திரை என்பதோ அளவின் பெயர். எழுத்து ஒலிக்கும் காலத்துக்கும் இலக்கணம் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டார் அளவைப் பிடித்துக்கொண்டார்கள், நாங்கள் உருவத்தைப் பிடித்துக்கொண்டோம். குளிசை தட்டையாகிப் போனதைப் பற்றி இங்கே ஒருவருக்கும் கவலையில்லை.

கொழுப்புக் குளிசை என்ற பெயரில் வில்லங்கம் முன்பாதியில்தான். கொலஸ்ரோல் என்ற பெயருக்குள் கொழுப்பே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பித்தப்பைக் கல்லிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பின்னர் செவ்ரோல் என்ற வேதியியலாளர், கிரேக்கத்தில் பித்தத்தைக் குறிக்கும் சொல்லையும் கெட்டியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். கெட்டிப் பித்தம் என்பதே பொருள். அது அற்ககோல் வகையைச் சேர்ந்தது என்று 1859இல் பெர்த்தெலோ காட்டியபிறகு ‘ஓல்’ என்ற வால் ஒட்டியது. வாத பித்த கபம் பேசும் நாட்டுக்கு இந்தப் பெயர் அந்நியமாகவே இருந்திருக்காது.

மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன், தமிழில் சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்தார். கிடைக்காத இடத்தில் ஒலியை வாங்கித் தமிழ் உடுப்புப் போட்டார். 1875இல் வந்த அவருடைய வேதியியல் நூலின் பெயரே ‘கெமிஸ்தம்’. கொலஸ்ரோலுக்கும் அப்படியொரு உடுப்பு வாய்த்திருந்தால் நல்லது. பேச்சு வழக்கு அதைக் கொழுப்பு என்று சொல்லிவிட்டது. திமிருக்கும் அதுதான் பெயர், ஆட்டிறைச்சியில் வெள்ளையாய் ஒட்டியிருப்பதற்கும் அதுதான் பெயர்.

இந்தப் பெயர் செய்யும் குழப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் பார்க்கலாம். தேங்காயில் கொலஸ்ரோல் இல்லை என்று எண்ணெய்ப் போத்தலில் அச்சடித்திருப்பது பொய்யல்ல. ஆனால் தேங்காயிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ரோலை இழுத்தெடுக்கும் ஈரலின் வேலையைத் தளர்த்திவிடும். சாப்பிடுவது ஒன்று, இரத்தத்தில் ஏறுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தை விளக்குவது எந்த வைத்தியருக்கும் சிரமம்தான்.

குளிசையைப் பற்றிய எண்ணமும் அப்படியே. தின்ற கொழுப்பை அது கரைக்கும் என்று நம்புபவர், கறி சாப்பிட்ட இரவில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொள்வார். “ரிப்போட் நல்லா வந்திட்டுது, இனி விடலாம்தானே டொக்டர்?” என்ற கேள்வியும் அந்த நம்பிக்கையிலிருந்து வருவதே. குளிசை வேலை செய்வது ஈரலில். கொலஸ்ரோலில் பெரும்பங்கை உடம்பே உண்டாக்குகிறது. அந்த உற்பத்தியில் ஒரு நொதியைக் குளிசை மறிக்க, தட்டுப்பாட்டில் விழுந்த ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ரோலை இழுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் எண் பழையபடி ஏறும்.

இந்த மருந்தின் மூதாதையை 1973இல் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்தார். இந்தக் குளிசைகளின் வகைப்பெயரான ‘ஸ்ரற்றின்’ நிறுத்துவது என்ற பொருளுள்ள கிரேக்க வேரில் பிறந்தது. (வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் நிஸ்ரற்றினுக்கு இதோடு உறவில்லை, அது நியூயோர்க் மாநிலத்தின் பெயரைச் சுமக்கிறது.) பலன் எண்ணில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் இதய நோயுள்ள 4,444 பேரில் ஒரு பாதிக்குச் சிம்வஸ்ரற்றின் கொடுத்தார்கள். அவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இந்தக் கணக்கு தெளிவானது. நோயே இல்லாத, ஆபத்துக் குறைந்த நாற்பது வயதுக்காரருக்குக் கிடைக்கும் பலன் சிறிது. அங்கே யோசிக்க இடமுண்டு.

பாதகங்களும் மெய்யானவை. செரிவஸ்ரற்றின் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 2001இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றவற்றில் அது மிக அரிது. சாதாரணக் கைகால் உளைவுக்கு மருந்தையே குற்றம் சொல்வோம். ஆனால் வெற்றுக் குளிசை குடித்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு உளைவைச் சொன்னதை 2022இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. சீனி வியாதி வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். 255 பேர் நாலு வருடம் குடித்தால் ஒருவருக்கு மேலதிகமாக வரும் என்பது 2010இல் போட்ட கணக்கு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. சிம்வஸ்ரற்றின் எடுப்பவருக்குக் கிளரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

பெயரால் வரும் இன்னொரு ஆபத்து வீட்டு மேசையிலேயே இருக்கிறது. மருந்தைக் கொம்பனிப் பெயரால் அல்ல, மூலப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று எழுபதுகளில் இலங்கைக்குக் கொள்கை வகுத்தவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. ஆஸ்பத்திரி உறையில் அற்றோர்வஸ்ரற்றின் என்றிருக்கும். தனியார் பார்மசியில் வாங்கிய அட்டையில் பெரிய எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும்; அற்றோர்வஸ்ரற்றின் அதன் கீழே பொடி எழுத்தில் கிடக்கும். அம்மா இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று எண்ணி இரவில் இரண்டையும் விழுங்குவார். கிளினிக்குக்குப் போகும்போது உறைகளையும் அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய், அந்தப் பொடி எழுத்தை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.