எரிக்க வேண்டியிருந்த டேட்டாபேஸ்

போன வாரம் ஆபீசில் வழக்கம் போல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தப்ப, ஒரு ஃபார்மில் 'மதம்'னு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும், பின்னாடி தேவைப்படலாம்"னு பதில். பத்து நிமிஷ வேலை. முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் லென்ட்ஸ் ஞாபகம் வந்தார்.

யாக்கோபஸ் லென்ட்ஸ், நெதர்லாந்து மக்கள் பதிவேட்டுத் துறையின் தலைவர். நம்ம பாஷையில் சொன்னா, அந்த நாட்டோட டேட்டாபேஸுக்குப் பொறுப்பாளி. 1930-களிலேயே அங்கே ஆளுக்கு ஒரு கார்டு. பெயர், பிறந்த தேதி, முகவரி, கூடவே மதம். அப்போ அதை யாரும் தப்பா நினைக்கலை. அடுத்து, போலி செய்யவே முடியாத மாதிரி ஒரு அடையாள அட்டையை வடிவமைச்சார். குடிமக்களைக் குற்றவாளி மாதிரி நடத்துறது நம்ம மரபு இல்லைன்னு 1940 மார்ச்சில் டச்சு அரசு அதை நிராகரிச்சது. மே மாசம் ஜெர்மானியப் படை உள்ளே வந்துடுச்சு. மனுஷன் அதே அட்டையை அவங்ககிட்ட கொண்டு போனார். 1941-ல் அமலுக்கு வந்தது. யூதர்கள் அட்டையில் மட்டும் 'ஜே' முத்திரை.

அவரை ஓட்டினது யூத வெறுப்பைவிட, சிஸ்டம் கச்சிதமா இருக்கணும்ங்கிற வெறிதான்னு எனக்குப் படுது. அதுதான் பயமா இருக்கு. அந்த வெறி நமக்கும் இருக்கே! நல்லா வேலை செய்யுற புரோகிராமைப் பார்த்து நாம படுற சந்தோஷம்தானே அவரும் பட்டிருப்பார்?

நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டாங்க. பிரான்ஸில் முக்கால்வாசிப் பேர் தப்பிச்சாங்க. காரணம் பதிவேடு மட்டும் இல்லை. ஒளிய மலையும் காடும் இல்லாத தட்டையான நாடு, நேரடி நாஜி நிர்வாகம், இன்னும் பல. ஆனா கதவைத் தட்ட வந்தவன் கையில் முகவரி சரியா இருந்தது.

1943 மார்ச் 27 ராத்திரி, ஓவியர் வில்லம் அரோன்டேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வீன் முதலானோர் போலீஸ் உடுப்பில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்தாங்க. காவலாளிகளைக் கொல்லலை. மயக்க ஊசி போட்டு, பக்கத்து மிருகக்காட்சிசாலைத் தோட்டத்தில் படுக்க வெச்சுட்டு, கட்டடத்துக்கு வெடி வெச்சாங்க. தீயணைப்புப் படை வேணும்னே மெதுவா வந்து, மிச்சக் கார்டுகள் ஊறிப் போற அளவுக்குத் தண்ணி அடிச்சதாம் :-) அப்படியும் அழிஞ்சது சுமார் 15 சதவீதம்தான். ஜூலை 1-ஆம் தேதி அரோன்டேயஸோட சேர்த்துப் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்னாங்க.

அடையாள அட்டைகளின் நகல் வேறொரு ஊரில், ஹேக்கில் இருந்தது. ஆமா, பேக்கப்! 1944 ஏப்ரல் 11-ல் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கட்டடத்தின் மேல் குண்டு போட்டன. உள்ளே வேலை செஞ்சுக்கிட்டிருந்த சுமார் அறுபது பேர் செத்தாங்க. அவங்களும் நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரங்கதான். இதைச் சரின்னும் சொல்ல முடியலை, தப்புன்னும் சொல்ல முடியலை.

போருக்கு அப்புறம் லென்ட்ஸுக்கு மூணு வருஷம் ஜெயில்.

நேத்து காலையில் அந்தக் கட்டத்தை எடுத்துடலாம்னு மேலே மெயில் போட்டேன். இன்னும் பதில் வரலை. இதுக்குள்ள ஒரு வார பேக்கப் ஓடி முடிஞ்சிருக்கும்.